வளைவின் கணக்கு: புதுத்தார் மலைச்சாலையும் உந்துருளியும்

நாமக்கல் மாவட்டத்தில், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளியின் நேர்ச்சாலையில் பழகிய கையும் கண்ணும் இங்கே சில நூறு மீட்டருக்கு ஒருமுறை முற்றிலும் வேறொரு வேலையைச் செய்தாக வேண்டும். வேகம் குறைத்து, கியர் மாற்றி, உடலைச் சாய்த்து, வந்த திசைக்கே முகம் திருப்பி, மீண்டும் ஏற வேண்டும்.

இத்தகைய மலைச்சாலைக்குப் புதிதாகத் தார் விரிப்பது மலைமக்களுக்கு நலம். மிளகும் காப்பியும் பலாவும் நசுங்காமல் சந்தைக்கு இறங்கும். நோயாளியைச் சுமந்த ஊர்தி குலுங்காமல் மருத்துவமனை சேரும். உந்துருளி ஓட்டுவோர்க்கோ அது பெருங்களிப்பு. கருமை மாறாத தளமும் குளிர்ந்த காற்றும் வளைந்தேறும் வழியும் சேர்ந்து உள்ளத்தை அள்ளும். அந்தக் களிப்பு வேண்டத்தக்கதே. ஆனால் அதனுள் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. பழைய சாலையின் குழிகளும் மேடுகளும் ஓட்டுநரின் வேகத்துக்குத் தாமே எல்லை வகுத்திருந்தன. தார் விரித்ததும் அந்த எல்லை அகன்றுவிடுகிறது. வளைவின் ஆரமோ புவியின் ஈர்ப்போ அணுவளவும் மாறுவதில்லை. இனி எல்லையை வகுக்க வேண்டியது ஓட்டுநரின் அறிவே. அவ்வறிவுக்கு அடிப்படையான இயற்பியலை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைச்சாலை ஏன் வளைகிறது?

ஒரு சுமையைக் குறிப்பிட்ட உயரத்துக்கு ஏற்றத் தேவையான ஆற்றல், உராய்வால் நேரும் இழப்பை ஒதுக்கிப் பார்த்தால், எவ்வழி சென்றாலும் ஒன்றே. ஆனால் சரிவு குறையக் குறைய, செலுத்த வேண்டிய விசை சிறுக்கும். சாய்தளத்தின் இந்தப் பயனே மலைச்சாலையின் முதல் விதி. இந்தியச் சாலைப் பேரவையின் மலைச்சாலை நெறிமுறை, பொதுவாகக் கொள்ளத்தக்க ஏற்றத்தை 20-க்கு 1 என வகுக்கிறது. அதாவது, 20 மீட்டர் சென்றால் 1 மீட்டர் ஏறலாம். இக்கணக்கின்படி 1000 மீட்டர் உயரம் ஏற 20 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை வேண்டும். செங்குத்தான மலைமுகத்தில் அவ்வளவு நீளத்தை நேராக இடுவதற்கு இடம் ஏது? ஆகவே, பொறியாளர் சாலையை மடித்து மடித்துச் சரிவின்மேல் அடுக்குகிறார். அந்த மடிப்பு விழும் இடமே கொண்டை ஊசி வளைவு.

அவ்வளைவுக்கும் அளவுகள் உண்டு. உள்வளைவின் ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும். வளைவில் ஏற்றம் 40-க்கு 1 என்பதை விஞ்சக் கூடாது. வெளிவிளிம்பு உயர்ந்து உள்விளிம்பு தாழ்ந்து, சாலை 10-க்கு 1 என்ற அளவில் உட்புறம் சரிந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் வகுத்தபோது பொறியாளர் எண்ணிய வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். புதுத்தார் எவ்வளவு வழவழப்பாக விரிந்தாலும், வளைவு பிறந்தது இந்த வேகத்துக்காகவே.

சாய்ந்தால்தான் திரும்பும்

இயங்கும் பொருள் தானாகத் திரும்பாது. நேராகச் செல்வதே அதன் இயல்பு. அதை வளைவின் நடுப்புள்ளி நோக்கி ஒரு விசை இடையறாது இழுத்தால்தான் பாதை வளையும். இதுவே மையநோக்கு விசை. சரிவில்லாத தளத்தில் உந்துருளிக்கு அவ்விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. அந்த உராய்வு தரைமட்டத்தில் செயற்படுகிறது. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே உள்ளது. நிமிர்ந்தபடியே திரும்பினால் வண்டி வெளிப்புறம் கவிழும். உட்புறம் சாய்ந்தால், வெளியே கவிழ்க்கும் திருப்புத்திறனும் உள்ளே விழச்செய்யும் எடையின் திருப்புத்திறனும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். அந்நிலையில் சாய்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு, வேகத்தின் இருமடியை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் வரும் ஈவுக்குச் சமம்.

இச்சமன்பாட்டில் வண்டியின் எடை இல்லை என்பது கருதத்தக்கது. கனத்த வண்டிக்கும் மெலிந்த வண்டிக்கும் ஒரே வேகத்தில் ஏறத்தாழ ஒரே சாய்வுதான். அகன்ற டயர் பூண்ட வண்டி சற்றே கூடுதலாகச் சாய வேண்டும், வேறுபாடு அவ்வளவே.

14 மீட்டர் ஆரமுள்ள வளைவில் எண்களை இட்டுப் பார்ப்போம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தேவையான சாய்வு ஏறத்தாழ 13 பாகை. 30 கிலோமீட்டரில் அது 27 பாகை ஆகிறது. 40 கிலோமீட்டரிலோ 42 பாகை. அன்றாடப் பயன்பாட்டுக்கான பல வண்டிகளில் இந்த எல்லையை நெருங்கும்போதே கால் ஊன்றும் கம்பி தரையை உரசத் தொடங்கிவிடும். வேகம் இரு மடங்கானால், வளைவு கேட்கும் விசை நான்கு மடங்காகிறது. மலைச்சாலையில் உயிர்காக்கும் அறிவை ஒரே வரியில் சொல்ல வேண்டுமாயின், அது இதுவே.

சாலையின் உட்சரிவு இச்சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது. 10-க்கு 1 சரிவையும் கணக்கில் கொண்டால், 20 கிலோமீட்டர் வேகத்தில் வளைவு கேட்கும் உராய்வுக் கெழு 0.12 மட்டுமே. 30 கிலோமீட்டரில் 0.39, 40 கிலோமீட்டரில் 0.73. உலர்ந்த, தூய தார்த்தளத்தில் டயருக்குக் கிடைக்கும் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7 முதல் 0.9 வரை. நனைந்த தளத்தில் அது 0.5 அளவுக்குச் சரியலாம். அப்படியாயின் மழைநாளில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கிய வளைவு, 35 கிலோமீட்டரில் 0.55 கேட்கும், தளத்தால் அதைத் தர இயலாது, டயர் வழுக்கும். காப்புக்கும் வீழ்ச்சிக்கும் இடையே இருப்பது வெறும் 5 கிலோமீட்டர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சாலையின் இடப்புறம் செல்லும் நம் நாட்டில், இடம் திரும்பும் வளைவில் உந்துருளி உள்விளிம்பை ஒட்டிச் செல்கிறது. அங்கே ஆரம் சிறியது. வெளிவிளிம்பு நீண்ட தொலைவில் ஏறும் அதே உயரத்தை உள்விளிம்பு குறுகிய தொலைவில் ஏற வேண்டியிருப்பதால் ஏற்றமும் கடுமை. வலம் திரும்பும் வளைவில் எய்திய வேகம் அடுத்து வரும் இடவளைவுக்கும் பொருந்தும் என எண்ணுவது பிழை. ஏறுவோர் அங்கே முன்னதாகவே கீழ்க்கியருக்கு வந்துவிட வேண்டும். வளைவின் நடுவே இயந்திரம் திணறி நின்றால், சாய்ந்த வண்டியைத் தாங்க விசை ஏதுமிராது.

இடம் செல்ல வலம் திருப்புதல்

வண்டியைச் சாய்ப்பது எப்படி? இடப்புறம் சாய வேண்டுமாயின், டயர்கள் தரையைத் தொடும் இடம் ஈர்ப்பு மையத்தின் வலப்புறம் நகர வேண்டும். அதற்கு ஓட்டுநர் கைப்பிடியை ஒரு நொடிப்பொழுது வலப்புறம் திருப்புகிறார். அதாவது, இடக்கைப் பிடியை மெல்ல முன்னோக்கி அழுத்துகிறார். சக்கரங்கள் வலம் விலக, உடலும் வண்டியும் இடம் சாய்கின்றன. சாய்வு வேண்டிய அளவை எட்டியதும் முன்சக்கரம் இடம் திரும்பி வளைவைத் தொடர்கிறது. இதை எதிர்த்திருப்பம் என்பர்.

மிதிவண்டி ஓட்டுவோர் அனைவரும் இதைச் செய்கின்றனர். செய்வதை அறிந்தவர் சிலரே. வானூர்தி படைப்பதற்கு முன் மிதிவண்டிகள் செய்து விற்ற ரைட் உடன்பிறப்புகளில் மூத்தவரான வில்பர், இவ்வுண்மையை உற்றுநோக்கி உணர்ந்திருந்தார். ஓட்டுவோர் தாம் செய்வதையே அறியாதிருப்பது அவருக்கு வியப்பளித்தது. இந்த அறியாமை சமவெளியில் தீங்கு செய்யாது. மலைவளைவிலோ, எண்ணியதைவிட வளைவு இறுகும்போது அச்சமுற்ற ஓட்டுநர் உடலை விறைத்து நிமிர்கிறார். வளைவின் பக்கம் கைப்பிடியை வலிந்து திருப்ப முயல்கிறார். விளைவாக வண்டி நிமிர்ந்து வெளிவிளிம்பை நோக்கி ஓடுகிறது. எதிர்த்திருப்பத்தை அறிந்து பழகியவரோ, செல்ல வேண்டிய திசையின் கைப்பிடியை மேலும் சிறிது முன்னே அழுத்திச் சாய்வைக் கூட்டுவார்; தளத்தில் உராய்வு எஞ்சியிருக்கும்வரை வண்டியும் அவர் சொற்படி திரும்பும்.

இருசக்கர ஊர்தி விழாமல் ஓடுவது ஏன் என்னும் வினா நெடுநாள் அறிவியலை ஈர்த்தது. 1899இல் பிரான்சிஸ் விப்பிள் மிதிவண்டியின் இயக்கத்துக்குக் கணிதச் சமன்பாடுகள் வகுத்தார். சுழலும் சக்கரத்தின் நிலைப்பே வண்டியைத் தாங்குகிறது என்ற கருத்து பரவலாக நிலவியது. 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வில் ஒரு குழுவினர், சக்கரச் சுழற்சியின் விளைவையும், முன்சக்கரத் தொடுபுள்ளி திருப்பு அச்சுக்குப் பின்னே அமைவதன் விளைவையும் நீக்கிய ஒரு வண்டியைச் செய்து, அதுவும் தானே நிலைகொண்டு ஓடுவதைக் காட்டினர். நிறை பரவியிருக்கும் விதம் உள்ளிட்ட பல கூறுகள் சேர்ந்தே நிலைப்பைத் தருகின்றன என்பது அதனால் விளங்கியது.

புதுத்தாரின் இயல்பு

இனித் தரையைக் காண்போம். தார்ச்சாலையின் மேல்தளம் பெரும்பாலும் கல். எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கே நிலக்கீல். உடைத்த ஜல்லியும் கல்தூளும் நிலக்கீலோடு 150 பாகை செல்சியசு அளவில் சூடாகக் கலக்கப்பட்டு, ஆறுமுன் உருளைகளால் அழுத்தப்படுகின்றன. சுமையைத் தாங்குவது ஒன்றோடொன்று பிணைந்த கற்கள். அவற்றைக் கட்டி நிறுத்துவது நிலக்கீல்.

டயர் இத்தளத்தை இரு வழிகளில் பற்றுகிறது. ரப்பரின் மூலக்கூறுகள் கல்லின் மேற்பரப்போடு ஒட்டிப் பிரிவது ஒன்று. கல்லின் முனைகள்மேல் ரப்பர் அமுங்கி மீளும்போது ஆற்றலை இழப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தளத்தின் கரடுமுரடு இன்றியமையாதது. கல்லின் மேனியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்கரடு ரப்பரைப் பற்றுகிறது. கற்களுக்கு இடையிலான பெருங்கரடு மழைநீர் ஒதுங்க வழி விடுகிறது.

புதிதாக இட்ட தளத்தில் ஒவ்வொரு கல்லையும் நிலக்கீற்படலம் போர்த்தியிருக்கிறது. கண்ணைக் கவரும் அந்தக் கருமையே நுண்கரட்டை மறைக்கும் திரை. வண்டிகள் ஓடி ஓடிப் படலம் தேய்ந்து, கல்லின் மேனி வெளிப்பட்ட பின்னரே தளம் தன் முழுப் பற்றுதலையும் தரும். ஆகவே, தொடக்க நாள்களில், அதிலும் ஈரத்தில், புதுத்தளம் சற்றுப் பழகிய தளத்தைவிடக் குறைவாகப் பற்றக்கூடும். புதியது எனில் பிடிப்பு மிக்கது என்னும் பொதுநம்பிக்கை இங்கே பொய்க்கிறது.

பணி நிறைந்த நாள்களில் கவனிக்க வேண்டியவை வேறும் உண்டு. உருளையில் சிக்காத உதிரி ஜல்லி வளைவின் ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கும். அது டயருக்கும் தளத்துக்கும் இடையே உருண்டு பிடிப்பைப் பறிக்கும். நிலக்கீல் அளவுக்கு மிஞ்சிய இடங்களில், வெயில் ஏறும்போது அது மேலே கசிந்து பளபளக்கும். புதிய அடுக்கு தளத்தை உயர்த்துவதால், மண்ணோரம் தாழ்ந்து படிபோல் நிற்கும். அதில் இறங்கிய சக்கரத்தைச் சாய்வாக மீட்டேற்ற முயன்றால் வண்டி புரளும். நடுக்கோடும் ஓரக்கோடும் இடப்படாத கருந்தளத்தில், மூடுபனியிலும் இரவிலும் சாலையின் எல்லை கண்ணுக்குத் தப்பும்.

இத்தளத்தோடு டயர் கொள்ளும் தொடர்பு மிகச் சிறிது. 1888இல் ஜான் பாய்டு டன்லப் நடைமுறைக்குக் கொண்டுவந்த காற்றடைத்த டயர், தன்மேல் அழுந்தும் எடையைக் காற்றழுத்தத்தால் தாங்குகிறது. பின்சக்கரத்தின்மேல் 120 கிலோ அழுந்துவதாகவும், காற்றழுத்தம் 29 பிஎஸ்ஐ எனவும் கொண்டால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 60 சதுரச் செண்டிமீட்டர். முழு உயிரையும் தாங்குவது ஓர் உள்ளங்கையளவு ரப்பர். காற்று மிஞ்சினால் அப்பரப்பு சுருங்கும். குறைந்தால் டயர் நெளிந்து திருப்பம் தளரும். மலையேறுமுன் டயர்க்காற்றை அளப்பது சடங்கன்று, இயற்பியலின் கட்டளை.

பங்கிட வேண்டிய உராய்வு

உராய்வு என்பது வரம்புள்ள செல்வம். அதைத் திருப்பத்துக்கும் செலவிடலாம்; வேகம் குறைக்கவும் செலவிடலாம். இரண்டுக்கும் சேர்த்துச் செலவிட்டால், அவ்விரு விசைகளின் கூட்டு வரம்பைத் தாண்டக் கூடாது. ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்டு காம் பெயரால் வழங்கும் உராய்வு வட்டம் இதைத்தான் காட்டுகிறது. பக்கவிசையும் பிரேக் விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. அவற்றின் கூட்டை வெளியிடும் அம்பு வட்டத்தைக் கடந்தால் டயர் வழுக்கும்.

முன்னர்க் கண்ட வளைவையே எடுத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டரில் திருப்பத்துக்கு 0.39 செலவாகிறது. உலர்ந்த தளத்தின் வரம்பு 0.8 எனில், பிரேக்குக்கு இன்னும் 0.7 எஞ்சும். நனைந்த தளத்தின் வரம்பு 0.5 எனில், எஞ்சுவது 0.31 மட்டுமே. வளைவுக்குள் அச்சத்தால் அழுத்தும் முழுப் பிரேக் அதைக் கடந்துவிடும். ஆகவேதான், 'வளைவுக்கு முன் வேகம் குறை. வளைவினுள் சீராகச் செல். வழி தெரிந்தபின் வேகம் கூட்டு' என்பது முறையாகிறது. நேர்வழியில் உராய்வு முழுவதும் பிரேக்குக்கு. வளைவில் முழுவதும் திருப்பத்துக்கு.

2019 முதல் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட உந்துருளிகளில் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அந்த அமைப்பு போற்றத்தக்கது. ஆயினும், அது உராய்வின் வட்டத்தைப் பெரிதாக்குவதில்லை. அளவு மீறிய வேகத்தில் வளைவுக்குள் புகுந்தவருக்கு எந்தக் கருவியும் இல்லாத உராய்வைப் படைத்துத் தராது.

இறக்கத்தின் வெப்பம்

ஏறும்போது எரிபொருள் தந்த ஆற்றலில் ஒரு பங்கை மலை சேமித்து வைக்கிறது. இறங்கும்போது அதை முழுவதும் திருப்பித் தருகிறது. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 220 கிலோ எனில், 1000 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 21.5 இலட்சம் ஜூல். 30 பாகையிலுள்ள ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றின் தடையும் சக்கரங்களின் உருள்தடையும் ஒரு பங்கைக் கழித்த பின், எஞ்சியதெல்லாம் எங்கேனும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும்.

பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அவ்வெப்பம் சிறிய தகட்டிலும் கட்டையிலும் குவிகிறது. பிரேக்கில் அழுத்தத்தைக் கடத்தும் நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை நீர்மம் புதிதாக இருக்கையில் 230 பாகை வரை கொதியாமல் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 155 பாகையாகத் தாழ்கிறது. நீர்மம் கொதித்தால் குமிழி தோன்றும், குமிழி அமுங்கும், பிடியை அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது.

இதற்கு மாற்று, கீழ்க்கியரில் இறங்குதல். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது ஓட்டுநரிடையே வழங்கும் நல்லறிவு. அப்போது இயந்திரம் தன் உள்ளுராய்வாலும் காற்றை இழுத்துத் தள்ளும் வேலையாலும் ஆற்றலைச் செலவழித்து, வெப்பத்தை வெளியேற்றுகிறது. பெட்ரோல் மிச்சமாகும் எனக் கருதி இயந்திரத்தை அணைத்தோ, நியூட்ரலில் விட்டோ இறங்குவோர் இந்தக் காவலை இழக்கின்றனர். அவர்கள் எண்ணும் மிச்சமும் பெரிதன்று. 2020இல் பிஎஸ்-6 நெறி வந்தபின் பரவிய எரிபொருள் பீச்சு முறையில், கியரில் இருக்கும் வண்டியின் முடுக்கியை மூடியதுமே, இயந்திரம் வேகமாகச் சுழலும்வரை எரிபொருள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிடுகிறது.

கண்ணும் கணக்கும்

வழவழப்பான தளம் அறிவையும் மயக்கும். அதிர்வும் இரைச்சலும் குறையும்போது வேகம் குறைவாகத் தோன்றுகிறது. பழைய சாலையில் அச்சமூட்டிய 40 கிலோமீட்டர், புதுத்தளத்தில் உலாப்போல் இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் இடரைக் கண்டு, உணர்ந்து, நிற்பதற்கான தொலைவு அவருடைய உணர்வைக் கேட்டு அமைவதில்லை. சாலைப் பேரவையின் கணக்குப்படி, 20 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 20 மீட்டர் பார்வைத் தொலைவு வேண்டும். 30 கிலோமீட்டரில் 30 மீட்டர். 40 கிலோமீட்டரில் 45 மீட்டர். பாறை மறைக்கும் வளைவில் அவ்வளவு தொலைவு தெரிவதில்லை. காணும் தொலைவுக்குள் நிற்க இயலாத வேகம், தளம் எவ்வளவு சீராயினும், மிகைவேகமே.

எதிரே வரும் பேருந்தும் சரக்குந்தும் கொண்டை ஊசி வளைவில் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உட்புறமாக வருவதால், அவற்றுக்கு வேறு வழியில்லை. பந்தயத்தளத்தில் போலச் சாலையின் இருபுறத்தையும் பயன்படுத்தி வளைவை நேராக்க முனைவது இங்கே தற்கொலைக்கு ஒப்பு. ஒலியெழுப்பி, தன் பக்கத்துக்குள் நின்று, இறங்குவோர் ஏறுவோர்க்கு வழி விடுவதே சட்டம் வகுத்த நெறி. ஏற்றத்தில் நின்ற கனவண்டியை மீண்டும் நகர்த்துவது கடினம் என்ற இயற்பியலே அச்சட்டத்தின் வேர்.

இவ்வளவு அறிவும் நம் மாணவருக்கு எட்டாததன்று. தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலில், வளைபாதையில் மிதிவண்டி ஓட்டுபவர் சாய்வதற்கான சமன்பாடு இடம்பெற்றிருக்கிறது. பள்ளிப்படிப்பை முடிக்கும் அகவைதான், கியர் வண்டிக்கு உரிமம் பெறும் அகவையும். உரிமத் தேர்வில் அவர் எட்டு வடிவப் பாதையில் காலூன்றாமல் ஓட்டிக் காட்டுகிறார். மெல்லிய வேகத்தில் நிலை காப்பதை அது சோதிக்கிறது, அது வேண்டியதே. ஆனால் மலையில் அவரை வீழ்த்தக்கூடியவை வேறு. அவற்றுக்கான விடை அவர் படித்த நூலிலேயே இருக்கிறது. இரண்டையும் இணைத்துச் சொல்வார்தாம் வேண்டும்.

ஆசிரியர் அச்சமன்பாட்டை நடத்தும் நாளில், ஆரம் 14 மீட்டர் என்றும் வேகம் 20, 30, 40 என்றும் கொடுத்து மாணவரைக் கணக்கிடச் சொல்லட்டும். பயிற்சிப் பள்ளியினர் எதிர்த்திருப்பத்தையும், வளைவுக்கு முன்னரே வேகம் குறைப்பதையும், கீழ்க்கியரில் இறங்குவதையும் செய்து காட்டட்டும். தளத்தைப் புதுப்பிக்கும் துறையினர், தார் விரித்த நாளிலேயே உதிரி ஜல்லியைக் கூட்டி, மண்ணோரத்தை நிரவி, கோடுகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும் இடட்டும். நல்ல சாலை மலைமக்களின் உரிமை. அதில் மகிழ்ந்து செல்வது இளைஞரின் உரிமை. வளைவு எவ்வளவு விசையைக் கேட்கும், தளம் எவ்வளவு தரும் என்று அறிந்து ஓட்டுபவர்க்கு அவ்விரண்டு உரிமையும் முழுமையாகக் கிட்டும்.